கிளச் இல்லாத லாரி

அந்த லாரி என் பட்டறை வாசலில் வந்து நின்ற முதல் நாளே அதன்மேல் எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. நாகரிகமாக வேறு வார்த்தை போட்டுச் சொல்லலாம். ஆனால் வந்தது அதுதான். அமெரிக்கக்காரன் செய்த வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம், மூக்கு சப்பை. எங்கோ ஓர் அணைக்கட்டு வேலைக்காகக் கப்பலில் வந்து, வேலை முடிந்ததும் ஏலத்துக்குப் போய், விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸும் ஊறுகாய் ஜாடியும் செய்துகொண்டிருந்த ஒரு முதலாளியின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அறுபதுகளின் கடைசி வருஷங்கள். ஊரில் சூளைகள் பெருகிக்கொண்டிருந்தன. வெள்ளைக் களிமண் ஏற்றிவர நாலு சக்கரத்தில் எது கிடைத்தாலும் சரி என்று ஆளாளுக்கு ஆலாய்ப் பறந்தார்கள்.

ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தேன். பிரேக் இருந்தது, ஆக்சிலேட்டர் இருந்தது. கிளச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரம்.

“கிளச்சு எங்க?” என்றேன்.

“இதுக்குக் கிளச்சே கெடையாதுங்க மேஸ்திரி. கியரு தானா மாறிக்கும்” என்றார் டிரைவர்.

தானாக மாறுகிற கியரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது. ஜங்ஷன் ரோட்டில் பத்து வருஷமாகப் பட்டறை. திட்டக்குடியிலிருந்தும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் என்னைத் தேடி வண்டி வரும். அந்தத் திமிரில், “அதெல்லாம் தெரியும், நீங்க எறங்குங்க” என்று சொல்லிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிரே இருந்த டீக்கடை வரைக்கும்கூடப் போகவில்லை. பழக்க தோஷம், இடது கால் கிளச்சைத் தேடிப் போய், அகலமான அந்த பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் மிதித்துவிட்டது. வண்டி அப்படியே முட்டிக்கொண்டு நின்றது. என் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள்.

“மேஸ்திரிக்கு மொதல்ல லைசென்ஸு எடுத்துக் குடுங்கப்பா!” என்று ஒருத்தன் கத்தினான்.

நெற்றி வீக்கம் நாலு நாளில் வற்றிவிட்டது. சிரித்த சத்தம் வற்றவில்லை. ஊரில் இருந்த எல்லா வண்டியும் எனக்குக் கட்டுப்படும். இந்தச் சப்பை மூக்கு மட்டும் என்னைத் தெருவில் வைத்து அசிங்கப்படுத்திவிட்டது என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

டிரைவர் மங்கலம்பேட்டைக்காரர். நாற்பதைத் தாண்டியவர். எல்லாரையும்போல நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அணைக்கட்டிலும் அந்த வண்டியை அவர்தான் ஓட்டியிருந்தார். முதலாளி வண்டியை எடுத்தபோது அவரையும் கையோடு அழைத்துவந்துவிட்டார். வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. அணைக்கட்டு வேலையில் ஒரு பாறை உருண்டு அவருடைய இடது முழங்காலை நசுக்கியிருந்தது. அந்தக் கால் மடங்காது. நடக்கும்போது அதை வெளிப்பக்கமாகச் சுற்றி இழுத்துத்தான் வைப்பார். கிளச் மிதிக்கிற வண்டி எதையும் அவரால் ஓட்ட முடியாது. எங்கள் ஜில்லாவில் அவர் ஓட்டக்கூடிய லாரி அது ஒன்றுதான். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பின்னால் தெரிந்ததுபோல எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஓட்டுவது அழகாக ஓட்டுவார். அதை ஒப்புக்கொள்ளவும் அப்போது எனக்குக் கசந்தது. வலது காலை லேசாக அழுத்துவார். வண்டி வேகம் பிடித்ததும் துளி தளர்த்துவார். அடுத்த கியர் விழுந்தது பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு கோளாறும் இல்லாமல் மண் அடித்தார். எண்ணெய் பார்க்கவும் போல்ட் முடுக்கவும் மட்டும் வண்டி என்னிடம் வரும். வந்தால், “பாய், பொம்மைக் காரு எப்பிடி ஓடுது?” என்று கேட்பேன். அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பார்.

ஆயுத பூஜைக்கு என் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் வாடிக்கை வண்டிகளை எல்லாம் வரிசையாக நிறுத்திக் கழுவி, பழைய இஞ்சின் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து, அடிப்பக்கம் முழுக்கப் பம்பால் பீய்ச்சி அடிப்போம். ஐப்பசி மழைக்குத் துருப்பிடிக்காது. கருகருவென்று ஒரு பளபளப்பும் வரும். மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து அனுப்பிவிடுவோம். இதற்குக் கூலி வாங்குவதில்லை. அது என் பெருமை.

அந்த வருஷம் அந்த லாரியின் முறை வந்தபோது பாய் காலை இழுத்துக்கொண்டு அவசரமாக வந்தார்.

“மேஸ்திரி, இதுக்கு வேணாங்க. எண்ணெ மேல மண்ணு ஒட்டிக்கும். அணைக்கட்டுல அடிப்பக்கத்தைத் தொடச்சுத் தொடச்சுதான் வெப்பாங்க. இந்தாண்ட பக்கம் கம்பியெல்லாம் போவுதுங்க, கியரு பொட்டிக்கு.”

சுற்றிலும் பத்து டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வண்டிப் பாடம் எடுக்கிறாரா இந்த ஆள் என்று சுள்ளென்று வந்தது.

“பாய், சாமி காரியத்துல குறுக்கப் பேசாதீங்க” என்றேன்.

அதற்கு மேல் ஒரு முஸ்லிம் மனிதர் என்ன பேச முடியும்? அது தெரிந்துதான் சொன்னேன். சாமியை நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனை தரம் நினைத்தேன் என்பது அந்தச் சாமிக்குத்தான் தெரியும். பாய் ஒதுங்கினார். மற்ற வண்டிகளுக்கு ஒரு தரம் அடித்த எண்ணெயை அந்த லாரிக்கு மட்டும் இரண்டு தரம் அடிக்கச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் வண்டி கத்த ஆரம்பித்தது. முதல் கியரிலேயே ஓலமிட்டுக்கொண்டு ஓடும். இரண்டாவது விழ வேண்டிய இடத்தில் விழாது. இஞ்சின் தொண்டை கிழிய அலறியபிறகு, அப்பாடா என்று ஒரு குலுக்கலோடு மாறும். மூன்றாவது அதைவிடத் தாமதம். பாலக்கரையில் வண்டி திரும்பும்போதே அதன் சத்தம் என் பட்டறைக்குக் கேட்கும். பெட்ரோலை மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி குடித்தது. ரேடியேட்டர் கொதித்தது.

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை வைத்திருப்பார். பேசினால் எதிரே இருப்பவன் சட்டையில் சிவப்புப் பொட்டு விழும். வந்த வேகத்தில் என் சட்டையிலும் இரண்டு வைத்தார்.

“என்னாய்யா மேஸ்திரி, பிரசவ ஆஸ்பத்திரியில கத்துற மாதிரி கத்துது வண்டி? ஊரே கேக்குது. என்னான்னு பாரு.”

பார்த்தேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. கியர் பெட்டி எண்ணெய்தான் கெட்டுவிட்டது என்று முதலில் முடிவு கட்டினேன். அந்த வண்டிக்குச் சிவப்பாக, தண்ணீர் பதத்தில் ஓர் எண்ணெய் ஊற்ற வேண்டும். அதை மெட்ராஸிலிருந்து வரவழைத்தோம். வலது பக்கம் குந்தி உட்கார்ந்து கையை நீட்டி வடி போல்ட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெய் காந்திப்போன தோசை நாற்றத்தோடு இறங்கி என் முழங்கை வரை வழிந்தது. மூன்று தரம் சோப்பு போட்டும் அந்த நாற்றம் போகவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் குமட்டியது. புது எண்ணெய் ஊற்றி ஓட்டச் சொன்னேன். முன்னைப்போலவே கத்தியது.

“மேஸ்திரி” என்றார் பாய் தயங்கித் தயங்கி. “இடது பக்கத்துல அடியில ஒரு கம்பி போவுதுங்க. ஆக்சிலேட்டர்லேருந்து கியரு பொட்டிக்கு. அணைக்கட்டு மெக்கானிக்கு அப்பப்ப அங்கதான் தொடப்பாரு. எனக்குக் காலு மடங்கினா நானே பூந்து பாத்துடுவேன். நீங்க ஒருவாட்டி படுத்துப் பாத்துடுங்களேன்.”

சரி என்று ஒரு சாக்கை விரித்து இடது பக்கமாகத் தலையை உள்ளே விட்டேன். விட்ட வேகத்தில் வெளியே எடுத்துவிட்டேன்.

நாங்கள் அடித்த எண்ணெயில் சூளை மண் அப்பி, அதன்மேல் மறுபடி மண் அப்பி, விரல்கடை தடிமனுக்கு ஏறியிருந்தது. லாரி தினமும் மணிமுத்தாற்றங்கரை ஓரமாகத்தான் மண்ணுக்குப் போய்வரும். அந்தக் கரைக்கு விடிகாலையில் ஊர் சொம்பும் கையுமாக எதற்குப் போகும் என்று விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனையையும் சக்கரம் வாரி மேலே அடித்திருந்தது. சைலன்சர் குழாயின் சூட்டில் அது பாதி வெந்தும் பாதி வேகாமலும் நாறியது. ஏதோ ஒன்று என் நெற்றியில் சொட்டியது. எழுந்து ஓடிப்போய்ப் பட்டறைச் சுவரோரம் வாந்தி எடுத்தேன்.

வேலைக்கிருந்த ஆளைப் படுக்கச் சொன்னேன். அவன் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நீங்க படுங்க மேஸ்திரி, நான் நாளைக்கு வேலைக்கே வரல” என்றான்.

“மழை வந்தா தானா கழுவிட்டுப் போயிடும். அங்க ஒண்ணும் இருக்காது. கோளாறு அங்க இல்ல” என்று பாயிடம் சொன்னேன். பார்க்காத இடத்தில் கோளாறு இல்லை என்று தீர்ப்புச் சொன்ன மெக்கானிக் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆனால் கோளாறு எங்கேயோ இருந்தாக வேண்டுமே. மறுநாள் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு திட்டக்குடி ரோட்டில் ஓட்டச் சொன்னேன். வண்டி அலற ஆரம்பித்தது.

“காலை எடுங்க பாய்.”

“எடுத்துட்டேன்ங்க.”

“எங்க எடுத்தீங்க? கத்துதே!”

“பாருங்க மேஸ்திரி. எடுத்துட்டுதாங்க இருக்கேன்.”

குனிந்து பார்த்தேன். டயர் செருப்புப் போட்ட அவருடைய வலது பாதம் பெடலுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. பெடல் சும்மா கிடந்தது. என் கண்ணால் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் என் மனசு சொன்னது: நான் பார்க்கும்போது மட்டும் எடுக்கிறான், கள்ளன்.

இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? கண் எதிரே இருந்த சாட்சியையே அந்த மனிதருக்கு எதிராகத் திருப்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம் முதலாளியிடம் போய், “வண்டியில ஒண்ணும் இல்லீங்க மொதலாளி. டிரைவரு கால்தான். ஒத்தைக் காலு, கனமா வெச்சு அழுத்திட்டே இருக்காரு. வுடவே மாட்டேங்கறாரு. கியரு எப்பிடி மாறும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன். பழமொழி சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. டீக்கடைச் சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது.

பக்கத்தில் பாய் நின்றுகொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

“எனக்கு இருக்கறது ஒரு காலுங்க மேஸ்திரி” என்றார். குரல் உயரவில்லை. “அதையும் பொய்யின்னு சொல்லிட்டா நான் என்னா பண்ணுவேன்?”

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். “தை வரைக்கும் பாக்கலாம்” என்றார். “அதுக்குள்ள சத்தம் நின்னுச்சின்னா பாய் ஓட்டட்டும். நிக்கலைன்னா இந்தக் கருமத்தைக் கழட்டிட்டு சாதா கியர் பாக்ஸு போட்டுடு. கிளச்சு இருந்தா எவன் வேணா ஓட்டுவான்.”

அவருக்கு அது ஒரு பெட்டி மாற்றுகிற விஷயம். பாய்க்கு அது பிழைப்பு. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்.

அடுத்த இரண்டரை மாதம் அந்த மனிதர் தன் காலோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினார், அழுத்துவது உள்ளங்காலுக்குத் தெரியட்டும் என்று. இஞ்சின் சூட்டில் தகரம் கொதிக்கும், பாதம் கொப்பளித்தது. பிறகு பெடலில் ஒரு நாடாவைக் கட்டி அதன் மறுமுனையைக் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டார். கால் எழுந்தால் பெடலும் கூடவே எழுந்தாக வேண்டும். ஆக, மறந்துகூட அழுத்திவிட முடியாது. பட்டறைக்கு வந்து அதை எனக்குக் காட்டினார்.

“இப்ப சொல்லுங்க மேஸ்திரி. இப்பவும் நான்தான் அமுக்கறேனா?”

நான் சிரித்தேன். “என்னா பாய், காலுக்குத் தாயத்தா?” என்றேன். வேலைக்கிருந்த ஆளும் சேர்ந்து சிரித்தான். வண்டி அலறிக்கொண்டே போனது.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை கொட்டியது. அடியில் இருந்ததை அது கழுவவில்லை. எண்ணெய் குடித்த மண்ணை மழை என்ன செய்யும்? இந்த ஊரில் மண் பிசைகிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கவில்லை. அந்த இடது பக்கத்தை மறுபடி எட்டிப் பார்க்கவும் இல்லை. நினைத்தாலே வாயில் அந்தப் புளிப்பு ஊறியது. ஒரு சாக்கு, ஒரு உளி, மூக்கைக் கட்ட ஒரு துண்டு, தேவைப்பட்டது அவ்வளவுதான்.

தை பிறந்தது. வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தி, கியர் பெட்டியை இறக்கினோம். எட்டு நாள் வேலை. பழைய லாரி ஒன்றின் பெட்டியை வாங்கி, அதை இஞ்சினோடு இணைக்க ஒரு தட்டு செய்து, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை வெட்டி ஒட்டி, கிளச் பெடல் வைத்தேன். கைவேலை என்ற அளவில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. பாய் ஒவ்வொரு நாளும் காலையில் வந்து ரோட்டோரம் புளியமரத்தடியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். கடைசி நாள் மட்டும் வந்து, கேபினில் ஏறி, சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துக்கொண்டார். புதிதாக முளைத்திருந்த கிளச் பெடலைப் பார்த்தார். இடது காலைக் கையால் தூக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தார். கால் நின்றது, அழுத்த வரவில்லை. மறுபடி கையாலேயே தூக்கிக் கீழே வைத்தார்.

“போயிட்டு வரேன் மேஸ்திரி” என்றார்.

“சரிங்க பாய்” என்றேன்.

புது டிரைவரோடு வண்டி ஓடத் தொடங்கி ஒரு பத்து நாள் இருக்கும். இறக்கிப் போட்ட அமெரிக்கப் பெட்டி பட்டறை மூலையில் கிடந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு. மண்ணைத் தட்டிவிட்டு எடுத்து வை என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பத்து நாளில் நாற்றம் காய்ந்துவிட்டிருந்தது. உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். இடது பக்கம் தட்டினேன். மண், பீங்கான் ஓடு பெயர்வதைப்போலப் பாளம் பாளமாகப் பெயர்ந்தது.

அதற்குள்ளே ஒரு சின்ன லீவர் இருந்தது. என் நடுவிரல் நீளம். பாய் சொன்ன கம்பியின் முனை வந்து முட்டுவது இதில்தான். டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கம்பி இந்த லீவரைத் தள்ளும். காலை எடுத்தால் கம்பி தன்பாட்டுக்குத் திரும்பிவிடும். லீவரைத் திரும்ப இழுக்க வேண்டியது ஒரு மெல்லிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கும் லீவரும் சேர்ந்து, எண்ணெய் மண்ணில் வெந்து, முழுக்கத் தள்ளிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தன. டிரைவர் காலை எடுத்தது பெட்டிக்குத் தெரியவே இல்லை. அவன் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறான் என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. நினைத்த பெட்டி கியரை மாற்றாமல் வைத்துக்கொண்டது.

உளியின் நுனியால் லீவரைச் சுற்றி ஒரு சுரண்டு சுரண்டினேன். ‘டக்’கென்று அது துள்ளித் தன் இடத்துக்குத் திரும்பியது. மறுபடி தள்ளினேன். மறுபடி ‘டக்’.

எவ்வளவு நேரம் அப்படித் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எண்ணெய் அடித்தது நான். வேண்டாம் என்றவரின் வாயைச் சாமி பெயரால் அடைத்தது நான். படுத்துப் பார் என்று இடத்தையும் சுட்டிக் காட்டினார். நான் வாந்தி எடுத்துவிட்டு வந்து அவருடைய காலைப் பொய் என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போல்ட்டெல்லாம் டப்பாவில் பத்திரமாக இருந்தன. மூன்று நாளில் பெட்டியைத் திரும்ப ஏற்றிவிடலாம். முதலாளி ஆபீஸ் நாலு தெரு தள்ளித்தான். எழுந்து சட்டையைக்கூட மாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து முதலாளியே வந்தார், கூடவே இன்னொரு சூளைக்காரர்.

“இவருதான் அந்த ஆட்டோமேட்டிக்கைக் கிளச்சு வண்டியா ஆக்கினவரு” என்று என் தோளைத் தட்டினார். “மெட்ராஸ்லயே எவனும் செய்ய மாட்டான்.” வந்தவர் என்னைக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, எனக்குச் சூளை மண்ணே அப்பியிருந்தது. ஒருத்தன் கண்ணுக்கும் தெரியவில்லை.

பெட்டியை இரும்புக்காரன் தூக்கிப்போனான். லீவரை மட்டும் ஸ்பிரிங்கோடு கழற்றி, ஸ்பேனர்கள் மாட்டுகிற பலகையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. தூக்கிப்போடவும் கை வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பட்டறை ஆட்கள் எல்லா ஸ்பேனருக்கும் வைக்கிற மாதிரி அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். வண்டிகளுக்கு அடியில் எண்ணெய் அடிக்கிற வழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு என்றேன்.

பாய் ஒரு ஃபியூஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஃபியூஸ் கட்டைகளின் ஓரப் பிசிறை பிளேடால் சுரண்டுகிற வேலை. உட்கார்ந்த இடத்தில் நாள் முழுக்கச் சுரண்ட வேண்டும். சின்னப் பெண்களும் வயதானவர்களும் செய்வது. அதற்குக் கால் வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூஜையன்று அவரே பட்டறைக்கு வந்தார். முடி வெளுத்திருந்தது. அது நரையா, சூளை மண்ணா என்று பார்த்ததும் தெரியவில்லை. பஸ்ஸு வர நேரமாகும் என்றும், சாமி கும்பிடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். பொரி கடலை கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டார். என்மேல் அவருக்குத் துளி கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“எங்க ஊருல எல்லாரும் துபாயி, சவுதின்னு போறாங்க மேஸ்திரி” என்றார். “என் மச்சான் அங்கதான் டிரைவரா இருக்காரு. அங்க எந்தக் காருக்கும் கிளச்சே கெடையாதாம். எல்லாம் நம்ப வண்டி மாதிரிதானாம். ‘நீ வா, ஒனக்குன்னே செஞ்ச ஊரு இது’ன்னு நாலஞ்சு லெட்டரு போட்டாரு.”

“போவலையா பாய்?” என்றேன்.

“இல்லீங்க. நான்தான் வேணாம்னு எழுதிட்டேன்.” வலது தொடையைத் தட்டினார். “இந்தக் காலு நான் சொன்னா கேக்கலையே. தூக்கிட்டேன்னு நான் நெனைக்கறேன், அது அமுக்கிட்டே இருந்திருக்குது. எனக்கே தெரியல. நீங்க வண்டி தெரிஞ்சவரு, கண்டுபிடிச்சுச் சொன்னீங்க. மண்ணு வண்டியா இருக்கப் போயி ஒண்ணும் ஆவாம போச்சு. அங்க போயி யாரு புள்ளை மேலயாவது ஏத்திட்டா?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிடத் தோதான இடம் இனி வராது. வாயைத் திறந்தேன்.

“இன்னும் கொஞ்சம் பொரி போட்டுக்குங்க பாய்” என்றேன்.

வேண்டாம் என்று எழுந்தார். கையைத் தட்டிக்கொண்டு ஸ்பேனர் பலகை ஓரமாக நடந்தவர், ஆணியில் தொங்கிய லீவரைப் பார்த்து நின்றார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் அதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. மடங்காத காலோடு அவர் எந்த வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்திருப்பார்?

“இது என்னாதுங்க மேஸ்திரி?”

“ஏதோ பழைய வண்டியோடது” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஸ்பிரிங் மாட்டுகிற காதோரத்தில் கொஞ்சம் வெள்ளை மண் இன்னும் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக அதே வேலை செய்த கை; சட்டைப்பையிலிருந்து துண்டு பிளேடை எடுத்து, பழக்கத்தில் அதைப் பதமாகச் சுரண்டி எடுத்தார். ஊதினார். சட்டை நுனியால் துடைத்தார். நான் வைக்கச் சொல்லாத சந்தனப் பொட்டு மட்டும் அழியாதபடி பார்த்துக்கொண்டு, திரும்ப ஆணியில் மாட்டினார்.

“மண்ணு ஒட்டிட்டிருந்துச்சு” என்றார். “இதையெல்லாம் அப்பப்ப தொடச்சு வெச்சுக்குங்க மேஸ்திரி.”

மங்கலம்பேட்டை பஸ்ஸு வந்தது. காலைச் சுற்றி இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் ஏறிக்கொண்டார்.